வணிகர் தேடிய மண்டபம்

வணிகர் சிலர் ஒன்றுகூடிப் பேச வேண்டுமாயின், முதலில் எழும் வினா "எங்கே கூடுவது?" என்பதே. கதிரை, மேசை, மண்டப வாடகை ஆகியவற்றையே நாம் பெரும்பாலும் எண்ணுகின்றோம். ஆயின், கூடும் இடம் தொழிலின் நற்பெயரையே ஆக்கவும் அழிக்கவும் வல்லது என்பதற்கு இலண்டன் மாநகரின் வரலாறு சான்று பகர்கின்றது.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் எட்வேட் லொயிட் என்பார், தேம்ஸ் நதிக்கு அணித்தாயுள்ள டவர் வீதியில் கோப்பிக் கடையொன்றை நடத்தினார். கப்பற்றலைவரும் வணிகரும் அங்கே கூடினர். 1691 ஆம் ஆண்டில் கடை லொம்பாட் வீதிக்கு மாறிற்று. அண்மையில் தலைமைத் தபாற் கந்தோர். சற்று அப்பால் றோயல் எக்ஸ்சேஞ்ச் என்னும் வணிகர் மாளிகை. கப்பற் செய்திகளை லொயிட் தவறாது திரட்டி வைத்தார். ஆதலின், கப்பல்களுக்குக் காப்புறுதி வழங்குவோர் அக்கடையையே தம் தொழிற்களமாக்கினர். அவர்கள் நாடியது கோப்பியை அன்று; நம்பத்தக்க செய்தியையே.

லொயிட் 1713 இல் மறைந்தார். காலம் செல்லச் செல்ல அவ்விடத்திற் சூது புகுந்தது. நோயுற்ற பிரமுகர் பிழைப்பாரா, மடிவாரா என்பதன்மீதும் பணம் கட்டினர். நாணயத்தையே முதலாகக் கொண்ட தொழிலுக்கு இதனிலும் பேரிடர் உண்டோ? சூதாடியோடு ஒரே மேசையில் அமர்ந்திருப்பவனை நம்பித் தன் கப்பலை எவர் ஒப்புவிப்பார்?

1769 இல் சூதினை வெறுத்தோர் பிரிந்து சென்று, போப்ஸ் ஹெட் சந்திற் புதிய கடை கண்டனர். அதுவோ இடம் போதாததாயிற்று. 1771 இல் 79 பேர் தலைக்கு 100 பவுண் இட்டு, இடந்தேடக் குழுவொன்றையும் நியமித்தனர். 1774 இல் றோயல் எக்ஸ்சேஞ்சிலேயே அவர்களுக்கு மண்டபம் வாய்த்தது. உலகப் புகழ் பெற்ற லொயிட்ஸ் காப்புறுதிச் சந்தை இவ்வாறே வேரூன்றியது. அங்குள்ள சீருடை ஊழியர், கோப்பிக் கடை நாள்களின் நினைவாக, இன்றும் 'வெயிற்றர்' என்றே அழைக்கப்படுகின்றனர்.

வணிகக் கூட்டமாயினும் மாணவர் சங்கமாயினும், இடம் தேடுவோர் வாடகையை மட்டும் வினவுதல் போதாது. அங்கே வேறு யார் கூடுகின்றனர்? வருவோர் எளிதில் வந்து சேரலாமா? எல்லோருக்கும் இடம் போதுமா? பேச்சு அனைவர் செவிக்கும் எட்டுமா? இவற்றையும் ஆராய்ந்தே முடிவு செய்வோமாக. நாம் கூடும் இடத்தைக் கொண்டே உலகம் நம்மை எடைபோடுகின்றது.