சாய்ந்த மரம்: விறகா, பலகையா?

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்தபோது கடலூர், புதுச்சேரிப் பகுதிகளில் பலா, முந்திரி மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயலும் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அரியூர் வட்டார விவசாயிகளின் கொல்லையிலும் வரப்பிலும் வேம்பு, பூவரசு, பலா உண்டு. அவை சாய்ந்தால் விறகு விலைக்குத் தள்ளுவதா, நாமே அறுத்துப் பதப்படுத்துவதா? கணக்குப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

அளவும் அடக்க விலையும்

அடிமரத்தின் நடுச் சுற்றளவை அடிக்கணக்கில் எடுத்து 4-ஆல் வகுக்கவும். வந்த எண்ணை அதே எண்ணாலும், பின் நீளத்தாலும் பெருக்கினால் கன அடி கிடைக்கும். 4 அடிச் சுற்றளவும் 8 அடி நீளமும் உள்ள மரம் 8 கன அடி. பட்டை, தூள், கோணல் கழிந்து பாதிதான் தேறும் என்று கொள்வது நல்லது. அதாவது 4 கன அடி.

வண்டி வாடகை, அறுவைக் கூலி, விறகாக விற்றால் வரக்கூடிய தொகை ஆகிய மூன்றையும் கூட்டி 4-ஆல் வகுக்கவும். அதுவே ஒரு கன அடியின் அடக்க விலை. மரவாடியில் அதே வகைக் காய்ந்த மரத்தின் விலையைவிட இது நன்கு குறைந்திருந்தால் மட்டுமே அறுக்கலாம்.

எந்த மரம் ஏற்றது?

நேரான, பொந்து இல்லாத வேம்பு, பூவரசு, பலா ஏற்றவை. 3 அடிக்குக் குறைந்த சுற்றளவுள்ள மரத்தில் வைரம் குறைவு. வெளிமரம் எளிதில் உளுத்துவிடும். மாமரத்தைப் பூச்சி விரைவில் தாக்கும். தென்னையில் வெளிப்புறம்தான் கெட்டி, நடுப்பகுதி உதவாது.

காய வைக்கும் முறை

1. சாய்ந்த மரத்தைத் தரையில் நெடுநாள் கிடக்க விடாமல் அறுக்கவும். வெட்டுமுனைகளில் தார் பூசினால் வெடிப்பு குறையும்.

2. தரையிலிருந்து ஓரடி உயரத்தில், நிழலில், காற்றோட்டமான கொட்டகையில் அடுக்கவும்.

3. பலகைகளுக்கு இடையே 2 அடிக்கு ஒன்றாக ஓரங்குலக் குச்சிகளை, ஒன்றன்மேல் ஒன்று நேராக அமையும்படி வைக்கவும். அடுக்கின் மேல் பாரம் ஏற்றினால் பலகை முறுக்காது.

4. ஒரு பலகையைக் குறித்து வைத்து மாதம் ஒருமுறை எடை போடவும். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது என்று பொருள். ஓரங்குலப் பலகைக்குப் பல மாதங்கள் ஆகும். தடித்த சட்டங்களுக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

உடனே கதவு வேண்டுவோர் காய்ந்த மரத்தை விலைக்கு வாங்குவதே மேல். பச்சை மரத்தில் செய்த கதவு கோணி, கூலியும் வீணாகும். கொட்டகையும் பொறுமையும் உள்ளவர்களுக்கே சொந்த மரம் லாபம் தரும்.

நிற்கும் மரத்தை வெட்டுவதற்கும் தேக்கு போன்ற மரங்களை எடுத்துச் செல்வதற்கும் முன், அனுமதி தேவையா என்பதை வனத்துறையினரிடம் கேட்டுக் கொள்ளவும்.