தூது செல்லும் தாவரச் சர்க்கரை

நோயுற்ற இடம் ஒன்று. மருந்து பரவும் இடமோ உடல் முழுவதும். மருத்துவத்தின் பழைய இடர்ப்பாடுகளுள் இஃது ஒன்று. பெருங்குடலிற் புண் கண்டவர் ஸ்ரெரொயிட்டு மருந்தை நெடுநாள் உட்கொண்டால் அழற்சி தணியும். ஆயின் என்பு நலியும், குருதியிற் சர்க்கரை ஏறும், நோயெதிர்க்கும் ஆற்றல் குன்றும். மருந்தை உரிய இடத்தில் மட்டும் இறக்கிவைக்க வழியுண்டா?

வழியொன்று எதிர்பாராமலே கிடைத்தது. சுவீடன் நாட்டு மருத்துவப் பெண்மணி நானா சுவார்ட்ஸ், மூட்டுவாதத்திற்கென உருவான சல்பாசலசீன் என்னும் மருந்து பெருங்குடற் புண்ணையும் ஆற்றுவதை 1942இல் எடுத்துரைத்தார். காரணம் பின்னரே விளங்கிற்று. அம்மருந்து இரு கூறுகளின் பிணைப்பு. 1972இல் வெளியான ஆய்வொன்றில், குடலில் நுண்ணுயிரே இல்லாது வளர்த்த எலிகளில் அப்பிணைப்பு அறவில்லை. அறுப்பவை பெருங்குடலில் வாழும் பற்றீரியாக்களே என்பது தெளிவாயிற்று.

1977இல் ஒக்ஸ்போட்டில் ஆசாத் கான் முதலியோர் அக்கூறுகளைத் தனித்தனியே சோதித்தனர். புண்ணை ஆற்றியது ஒரு கூறே. மற்றது அதனைச் சுமந்து சென்ற தூதன். அந்தோ! அத்தூதனே குருதியிற் கலந்து தலைவலியும் குமட்டலும் விளைத்தான்.

எனவே தீங்கற்ற தூதன் ஒருவன் வேண்டும். அத்தகுதி தாவரச் சர்க்கரைகளுக்கு உண்டு. நாம் புளி கரைத்தபின் எறிந்துவிடும் புளியங்கொட்டையின் பருப்பில் சைலோகுளுக்கன் என்னும் சர்க்கரைத் தொடர் மிகுதியாக உள்ளது. வெங்காயம், தக்காளி ஆகியவற்றிலும் அது உண்டு. நம்முடைய நொதியங்கள் அதனைச் செரிப்பதில்லை. ஆயின் பற்றீரொயிடீசு ஒவேற்றசு என்னும் குடற் பற்றீரியா அதனைப் படிப்படியாக உடைத்து உண்கின்றது. அவ்வித்தையை 2014இல் கனடாவின் பிரித்தானிய கொலம்பியாப் பல்கலைக்கழகத்து ஹரி புரூமரும் அவர் குழுவினரும் விளக்கினர். 2025இல் அவரும் உடனாய்வாளரும், இவ்வகைச் சர்க்கரையோடு ஸ்ரெரொயிட்டைப் பிணைத்துச் சுண்டெலிகளுக்கு ஊட்டிக் கண்ட பயனை வெளியிட்டனர். பொதி பெருங்குடலிலே அவிழ்ந்தது. குறைந்த அளவு மருந்தே போதுமாயிற்று.

சுண்டெலியிற் கண்டது மனிதரிடத்தும் பலிக்குமா என்பது இனித்தான் துணியப்படவேண்டும். குடற் பற்றீரியாக்கள் ஆளுக்காள் வேறுபடுவன. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் அவற்றை அழிப்பதும் உண்டு. பொதியை அவிழ்ப்போர் இல்லாதவிடத்துத் தூது சென்றும் பயனில்லை. நுண்ணுயிர் என்றதும் நோயையே நினைத்துப் பழகிய நாம், அவற்றுட் சில மருந்துக்கு வாயில் திறக்கும் துணைவர் என்பதையும் அறிதல் நன்று.