இரண்டு முறை 'இல்லை' சொன்னவன்

அமெரிக்க இலக்கியத்தில் சிறுபான்மையினரின் குரல் ஏன் கேட்காமல் போனது என்று கேட்டால், நாம எல்லாரும் முதலில் பெரிய பதிப்பகங்களைத்தான் கைகாட்டுவோம். அது பாதிக் கதை. மீதிக் கதை தெரியணும்னா, ஜான் ஒகாடா எழுதிய 'நோ-நோ பாய்' நாவலுக்கு என்ன ஆச்சுன்னு பார்க்கணும்.

முதல்ல அந்தத் தலைப்பு. 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் போட்ட உத்தரவால், மேற்குக் கரையில் வாழ்ந்த சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள். அடுத்த வருஷம் அவர்களிடம் ஒரு படிவத்தை நீட்டினாங்க. 27வது கேள்வி: ராணுவத்தில் சேர்ந்து, அனுப்புற இடத்தில் போரிடத் தயாரா? 28வது கேள்வி: அமெரிக்காவுக்கு விசுவாசமாக இருந்து, ஜப்பானியப் பேரரசர் மீதான விசுவாசத்தைக் கைவிடுகிறாயா?

ஆம் அல்லது இல்லை. புரோகிராம் எழுதுற எனக்கு இந்த மாதிரி பதில் ரொம்ப வசதி. ஆனா கேள்வியே கோணலா இருந்தா? 'கைவிடுகிறேன்' என்றால், முன்னாடி அந்த விசுவாசம் இருந்தது என்று ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும். பெற்றோர் தலைமுறைக்கு இன்னும் சிக்கல். அன்றைய சட்டப்படி அவர்கள் அமெரிக்கக் குடியுரிமை வாங்கவே முடியாது. ஜப்பானையும் உதறினால் எந்த நாடும் மிஞ்சாது.

இரண்டுக்கும் 'இல்லை' சொன்னவர்களுக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான் நாவலின் தலைப்பு. நாயகன் இச்சிரோ ராணுவத்தில் சேர மறுத்தவன். இரண்டு வருஷம் முகாம், இரண்டு வருஷம் சிறை முடித்து சியாட்டில் திரும்புகிறான். ஊரில் அவன் மேல் எச்சில் துப்புவது ராணுவத்தில் இருந்து வந்த இன்னொரு ஜப்பானிய அமெரிக்கன்.

ஒகாடா போரில் அமெரிக்க விமானப்படையில் வேலை பார்த்தவர். தன் வாழ்க்கைக்கு நேர் எதிரான ஒருவனைத்தான் நாயகனாக்கினார். 1957ல் 1,500 பிரதிகள் அச்சாயின. 1971ல், 47 வயதில், அவர் இறக்கும்போதும் அவை விற்றுத் தீரவில்லை. தங்கள் விசுவாசத்தை நிரூபிக்கப் படாத பாடு பட்ட சமூகம், முகாம் நாட்களை மறக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. இச்சிரோ அந்தப் புண்ணைக் கிளறினான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல. ஆனா சொந்த ஜனங்களே வாங்காத புத்தகத்தை வேறு யார் தேடி வாங்குவார்கள்?

பிராங்க் சின், ஷான் வாங் போன்ற இளம் ஆசிய அமெரிக்க எழுத்தாளர்கள் நாவலைக் கண்டெடுத்து, 1976ல் மறுபதிப்பு செய்தார்கள். ஒகாடாவைத் தேடிப் போனவர்களுக்கு அவர் மனைவியைத்தான் பார்க்க முடிந்தது. கணவரின் காகிதங்களை ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்க முன்வந்ததாகவும், அவர்கள் அக்கறை காட்டாததால் எரித்துவிட்டதாகவும் அவர் சொன்னார். அதில் இரண்டாவது நாவலின் கைப்பிரதியும் இருந்தது.

'நோ-நோ பாய்' இன்று கடையில் கிடைக்கிறது, கல்லூரிகளில் பாடமாகவும் இருக்கிறது. எரிந்து போனது, குடியுரிமை மறுக்கப்பட்ட அந்தப் பெற்றோர் தலைமுறையைப் பற்றிய நாவல். அதைப் பற்றி நமக்கு மிஞ்சியிருப்பது இந்த ஒரு வரித் தகவல்தான்.