டிராக்டரின் முன்சக்கர இயக்கம் சிக்கிக்கொண்டால்

நாஞ்சில் நாட்டு உழவருக்குக் கன்னிப்பூ அறுவடைக்கும் கும்பப்பூ நடவுக்கும் இடையே கிடைக்கும் நாட்கள் சிலவே. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் நீர் கால்வாயில் ஓடும்போதே தொளி உழவை முடித்தாக வேண்டும். ஒரே டிராக்டர் பலருடைய வயல்களுக்கும் செல்வதுண்டு. அது ஒரு நாள் நின்றுவிட்டால், அடுத்துக் காத்திருப்போர் அனைவரின் நடவும் தள்ளிப்போகும். நான்கு சக்கரங்களும் இழுக்கும் டிராக்டரில் முன்சக்கர இயக்கம் சேராமலோ விடுபடாமலோ போவது இத்தகைய தடைகளுள் ஒன்று. பல சமயங்களில் இது யந்திரத்தின் பழுதன்று. கையாளும் முறையின் பிழையே ஆகும்.

இத்தகைய டிராக்டரில் முன்சக்கரங்கள் சிறியவை, பின்சக்கரங்கள் பெரியவை. முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடச் சற்றே முந்தி இழுக்குமாறு பற்சக்கரங்கள் அமைக்கப்பட்டுள்ளன. சேற்றில் சக்கரம் சிறிது வழுக்குவதால் இந்த வேற்றுமை தீர்ந்துவிடும். தார்ச்சாலையில் வழுக்க இடமில்லை. ஆகவே அச்சுத் தண்டுகளில் முறுக்கம் ஏறி, உள்ளே பற்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்கின்றன.

விடுபட மறுத்தால்

நெம்புகோலைச் சுத்தியலால் தட்டுவதும், இருவர் சேர்ந்து இழுப்பதும் கூடாது. உள்ளிருக்கும் கவை வளைந்துவிடும். வண்டியை நிறுத்தி, சக்கரங்களை நேராக வைத்து, பத்தடி தூரம் மெதுவாகப் பின்னோக்கிச் செலுத்துக. முறுக்கம் தளரும். பிறகு கிளட்சை மிதித்துக்கொண்டு நெம்புகோலைத் தள்ளினால் எளிதில் விடுபடும். மண் தரை அருகில் இருப்பின் அங்கே கொண்டுசென்று இவ்வாறு செய்வது இன்னும் நலம்.

அடிக்கடி இவ்வாறு நேர்ந்தால் டயர்களைப் பார்க்க வேண்டும். காற்று குறைந்திருப்பதும், தேய்ந்த டயரோடு புதிய டயரைச் சேர்ப்பதும், கையேட்டில் குறிப்பிடாத அளவுள்ள டயரை மாட்டுவதும் முறுக்கத்தை மிகுவிக்கும்.

சேர மறுத்தால்

பற்கள் நேருக்கு நேர் முட்டி நிற்கக்கூடும். கிளட்சை மிதித்து, நெம்புகோலை மெல்ல அழுத்தியவாறே வண்டியைச் சிறிது நகரவிட்டால் அவை பொருந்திக்கொள்ளும்.

அதன் பின்னும் முன்சக்கரங்கள் இழுக்காவிடில், யந்திரத்தை நிறுத்தி, கைத்தடையிட்டு, சக்கரங்களுக்குக் கல் அண்டக் கொடுத்த பின்னர் அடியில் குனிந்து பார்க்க வேண்டும். ஒருவர் நெம்புகோலை அசைக்க, பெட்டியின் வெளிப்புறத்துக் கை முழுதும் அசைகின்றதா என்று மற்றவர் கவனிக்கட்டும். அசையவில்லையெனில் குறை வெளியில் இருக்கின்றது: காய்ந்த சேறு, துரு, வளைந்த கம்பி, கழன்ற ஆணி ஆகியவற்றுள் ஒன்றாகும். கழுவி, எண்ணெயிட்டு, ஆணியைப் பொருத்தினால் போதும். கை நன்கு அசைந்தும் முன்சக்கரங்கள் இழுக்காவிடில் குறை உள்ளே உள்ளது. மெக்கானிக்கை அழைப்பதே முறை. பொத்தானால் இயங்கும் வகையில் முதலில் ப்யூஸையும் கம்பி இணைப்பையும் பார்க்க வேண்டும்.

முன்சக்கர இயக்கம் சேர்ந்திருக்கையில் ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கிவைத்து யந்திரத்தை ஓட்டலாகாது; தரையிலுள்ள சக்கரம் வண்டியை இழுத்துத் தள்ளிவிடும். சுழலும் தண்டின் அருகே வேட்டியோ துண்டோ தொங்கவும் கூடாது.

1952 அக்டோபர் 2-ஆம் நாள் சமூக வளர்ச்சித் திட்டம் தொடங்கிய பின் நம் ஊர்களுக்கு அறிமுகமான ஜீப் வண்டிக்கும் இவ்விதி பொருந்தும். அதன் நான்கு சக்கரங்களும் ஒரே அளவினவாயினும், வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடுகின்றன. ஆகவே தார்ச்சாலையில் அதுவும் இறுகிக்கொள்ளும்.

தொளியில் இறங்குமுன் சேர்ப்பதும், வரப்பேறிச் சாலையை அடையுமுன் விடுவிப்பதும் வழக்கமாகட்டும். வேலை முடிந்ததும் சேற்றைக் கழுவுக. முன் அச்சின் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துள்ளது என்று அறிந்து, உடனே மாற்றுக. வேளாண்மைப் பொறியியல் துறையினிடம் டிராக்டரை வாடகைக்கு எடுப்போரும், சொந்தமாக வைத்திருப்போரும் இதனை அறிந்திருத்தல் அவசியம். பஞ்சாயத்து அங்கத்தினர்கள் உழவுக் காலம் தொடங்குமுன் தங்கள் ஊர் டிராக்டர் ஓட்டுநர்களைக் கூட்டி இவற்றை எடுத்துரைப்பார்களாக. ஒரு ஓட்டுநரின் பொறுமை பலருடைய நடவைக் காக்கும்.