டப்பாத் தகடும் மீன் தராசும்



எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா டாக்ஸி டிரைவர். 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடரில் ஒரு பழைய பெட்ரோல் வண்டிதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. 1489 சி.சி., நாலு சிலிண்டர். சென்ற கோடை விடுமுறையில் அது நீலப்புகை கக்கத் தொடங்கியது. பட்டறையில் கேட்ட கூலி எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. "நீதான் படிக்கிறியேப்பா, பிரி" என்றார் அப்பா.

பிரித்துவிட்டேன். மாட்டும்போதுதான் வினை. பிஸ்டன் ரிங்கை ஸ்க்ரூ டிரைவரால் அமுக்கித் தள்ளினேன். 'டக்' என்று உடைந்தது. வார்ப்பிரும்பு வளையாது, உடையும் என்று பரீட்சையில் எழுதியவன்தான் நான்! கடையில் ஒற்றை ரிங் தரவில்லை. அம்மாவின் சீட்டுப் பணத்தில் மறுபடி முழு செட் வாங்கினோம். அப்பா திட்டவில்லை. அதுதான் வலித்தது.

அதன் பிறகு நான் செய்த கருவிகள் இவை:

ரிங் கம்ப்ரஸர்: பால் பவுடர் டப்பாவை வெட்டி, ஓரங்களை அரத்தால் ராவி, எண்ணெய் தடவி, பிஸ்டனைச் சுற்றிப் பெரிய ஹோஸ் கிளிப்பால் இறுக்க வேண்டும். ரிங் வாய்கள் ஒரே கோட்டில் வரக்கூடாது. தகடு பிளாக்கில் ஒட்டி உட்கார வேண்டும். இடைவெளி இருந்தால் ரிங் வெளியே துள்ளும். பிறகு சுத்தியலின் மரக் கைப்பிடியால் மெல்லத் தட்டினால் போதும்.

வால்வ் ஸ்பிரிங் அமுக்கி: பக்கத்தில் ஜன்னல் வெட்டிய பைப் துண்டு. ஹெட்டுக்கு அடியில், வால்வ் இறங்காதபடி மரக்கட்டை வைத்து, பைப்பை அமுக்கினால் லாக் தளரும். காந்தத்தால் ஜன்னல் வழியே எடுக்கலாம். முகத்தை நேராக மேலே நீட்டாதீர்கள். ஸ்பிரிங் தெறித்தால் கண் போய்விடும்.

டார்க் ரென்ச்: சாக்கெட் கைப்பிடியில் பைப் சொருகி, போல்ட்டின் மையத்திலிருந்து அரை மீட்டரில் குறி போட்டேன். அங்கே மீன் கடைக்காரரின் ஸ்பிரிங் தராசை மாட்டி, கைப்பிடிக்குச் செங்குத்தாக இழுத்தேன். 10 கிலோ காட்டினால் 5 கிலோகிராம்-மீட்டர். நாம் இரண்டு மார்க்குக்கு மனப்பாடம் செய்த அதே திருப்புத்திறன்தான்! எத்தனை வேண்டும் என்பதை மட்டும் வண்டியின் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றுக்கு மாற்றுக் கருவி கிடையாது: மைக்ரோமீட்டர். கிராங்க் தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது. அதை மட்டும் லேத் பட்டறையில் கொடுத்து அளந்து வாங்கினேன்.

ஸ்டார்ட் செய்த அன்று அப்பா சைலன்சருக்குப் பின்னால் உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார். எண்ணெய் ஒட்டவில்லை. "சவாரிக்குப் போயிட்டு வரேன்" என்று மட்டும் சொன்னார்.

நண்பர்களே, கருவி இல்லையே என்று கையைக் கட்டி நிற்காதீர்கள். ஆனால் என்னைப் போல ஒரு ரிங்கை உடைத்த பிறகு யோசிக்காதீர்கள்!

— இரண்டாம் ஆண்டு ஆட்டோமொபைல் மாணவன்