வெல்லத்தை எப்போது சேர்க்க வேண்டும்? வட இந்தியாவின் புளிப்பு - இனிப்புப் பூசணிக் கறியை வீட்டில் செய்யும் முறை

புதுடெல்லி: வட இந்தியாவில் கோயில் அன்னதானங்களிலும் திருமணப் பந்திகளிலும் சூடான பூரிக்குத் துணையாக வரும் தொடுகறிகளில் முக்கியமானது 'கட்டா மீட்டா கத்தூ'. புளிப்பும் இனிப்பும் கலந்த மஞ்சள் பூசணிக் கறி என்பது இதன் பொருள். வெங்காயமும் பூண்டும் இல்லாமல், ஒரே வாணலியில், அரை மணி நேரத்துக்குள் செய்துவிடக்கூடிய எளிய உணவு இது. வெந்த பூசணித் துண்டுகளின் மேல் வெல்லப்பாகு மெல்லிய பளபளப்பான பூச்சாகப் படிந்திருப்பதே இதன் சிறப்பு.

வீட்டில் முதன்முறை செய்பவர்களுக்கு இந்தப் பூச்சு எளிதில் அமைவதில்லை. காய் வேகாமல் விறைத்து நிற்கும்; அல்லது குழைந்து நீர்விட்டுக் கூழாகிவிடும். இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றே. வெல்லமும் புளிப்பும் வாணலிக்குள் செல்லும் நேரம் தவறிவிடுவதுதான் அது. அந்த நேரம் சரியாக அமைந்தால் கறி நன்றாக வருவதோடு, தேவைப்படும் வெல்லத்தின் அளவும் குறைகிறது. நாட்டில் சர்க்கரை நோயாளிகளின் எண்ணிக்கை பெருகிவரும் நிலையில், சமையலறையில் கவனிக்கத்தக்க செய்தி இது.

ஒரு காய், பல பெயர்கள்

மஞ்சள் பூசணியின் தாயகம் அமெரிக்கக் கண்டங்கள். ஐரோப்பியர்களின் கடல் வணிகம் தொடங்கிய பின்னரே இது இந்தியாவுக்கு வந்தது. ஐரோப்பியர்களைக் குறித்த 'பரங்கி' என்ற சொல் தமிழில் பரங்கிக்காய் என்ற பெயரிலேயே தங்கியிருக்கிறது. இந்தியில் இது கத்தூ; வங்கத்தில் மிஷ்டி கும்ரோ; மகாராஷ்டிரத்தில் லால் போப்ளா. டெல்லிச் சந்தைகளில் 'சீதாபல்' என்று கேட்டால் காய்கறிக் கடைக்காரர் எடுத்துத் தருவது மஞ்சள் பூசணியைத்தான். அதே பெயரைத் தமிழர்கள் சீதாப்பழத்துக்குரியதாக அறிந்திருப்பதால், தலைநகருக்குப் புதிதாகச் செல்பவர்கள் குழம்புவது உண்டு.

இக்காயின் இயல்பான இனிப்போடு புளிப்பைச் சேர்க்கும் வழக்கம் ஒரு பகுதிக்கு மட்டும் உரியதன்று. ஆந்திரத்தில் புளியும் வெல்லமும் சேர்த்துப் பூசணிப் புளுசு வைக்கப்படுகிறது. செட்டிநாட்டுச் சமையலிலும் பரங்கிக்காய்ப் புளிக்கறி உண்டு. வங்கத்தின் 'கும்ரோர் சொக்கா'வில் ஐந்து வகைத் தாளிப்புப் பொருள்களும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் இடம்பெறுகின்றன. குழம்பு இல்லாமல், பாகு காயோடு ஒட்டியிருக்கும் வகையில் சுருட்டி இறக்குவதும், புளிக்குப் பதிலாக மாங்காய்ப் பொடியைப் பயன்படுத்துவதும் உத்தரப் பிரதேசம், டெல்லி ஆகிய பகுதிகளின் முறை.

வெல்லம் ஏன் கடைசியில்?

காய்கறிகளின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பொருள்களில் முதன்மையானது பெக்டின். சூட்டில் பெக்டின் கரைந்து தளர்வதால்தான் காய் மென்மையாகிறது. புளிப்பு இந்தத் தளர்வைத் தாமதப்படுத்துகிறது. சர்க்கரையும் அதே வேலையைச் செய்கிறது. வெல்லத்தில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் பெக்டினை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எனவே, காய் வேகும் முன்பே வெல்லமும் மாங்காய்ப் பொடியும் சேர்ந்துவிட்டால், எவ்வளவு நேரம் அடுப்பில் வைத்தாலும் துண்டுகள் எளிதில் மென்மையாவதில்லை.

தவறு இங்கிருந்து வளர்கிறது. காய் வேகவில்லை என்று தண்ணீர் ஊற்றப்படுகிறது. தண்ணீர் கூடியதும் இனிப்பு மட்டுப்பட்டதாகத் தோன்ற, மேலும் வெல்லம் சேர்க்கப்படுகிறது. இறுதியில் கிடைப்பது, அளவுக்கு மிஞ்சிய இனிப்பும் நீர்த்த சாறும் கொண்ட கறி.

காயை முதலில் உப்பு மட்டும் சேர்த்து வேகவைத்தால் நிலைமை வேறு. மஞ்சள் பூசணியின் எடையில் சுமார் 90 சதவீதம் தண்ணீர். உப்பு அந்த நீரை வெளியே இழுப்பதால், மூடிவைத்துச் சமைக்கும்போது தனியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை. காய் மென்மையான பிறகு வெல்லம் சேர்த்து மூடியைத் திறந்துவிட்டால், எஞ்சிய நீர் ஆவியாகி, வெல்லம் செறிவான பாகாகிறது. காயிலிருந்து கரைந்து வந்த பெக்டின் அந்தப் பாகுக்கு ஒட்டும் தன்மையைத் தருகிறது. எண்ணெய் அல்லது நெய் பளபளப்பைத் தருகிறது. இனிப்பு காய்க்குள் ஊறாமல் அதன் மேற்பரப்பிலேயே நிற்பதால், நாவில் முதலில் படுவது அதுதான். குறைந்த வெல்லம் நிறைந்த சுவையைத் தருவது இதனால்தான்.

தேவையான பொருள்கள் (4 பேருக்கு)

நன்கு பழுத்த மஞ்சள் பூசணி – 500 கிராம்
கடுகு எண்ணெய் அல்லது நெய் – 1 மேசைக்கரண்டி
வெந்தயம் – கால் தேக்கரண்டி
சீரகம் – அரை தேக்கரண்டி
சோம்பு – அரை தேக்கரண்டி
பெருங்காயம் – ஒரு சிட்டிகை
காய்ந்த மிளகாய் – 1
பச்சை மிளகாய் – 1
இஞ்சி – ஓர் அங்குலத் துண்டு
மஞ்சள் தூள் – கால் தேக்கரண்டி
மிளகாய்த் தூள் – அரை தேக்கரண்டி
மல்லித் தூள் – 1 தேக்கரண்டி
பொடித்த வெல்லம் – 25 கிராம் (சுமார் 2 மேசைக்கரண்டி)
மாங்காய்ப் பொடி (ஆம்சூர்) – 1 தேக்கரண்டி
உப்பு, கொத்தமல்லித் தழை – தேவைக்கேற்ப

மாங்காய்ப் பொடி கிடைக்காத இடங்களில் கெட்டியான புளிக்கரைசல் ஒரு தேக்கரண்டியோ, இறக்கிய பின் பிழியும் எலுமிச்சைச் சாறோ அதன் இடத்தை நிரப்பும். கடுகு எண்ணெயின் நெடி பழக்கமில்லாதவர்கள் கடலை எண்ணெயைப் பயன்படுத்தலாம்.

செய்முறை

பூசணியின் விதைகளையும் நாரையும் நீக்கி, ஓர் அங்குலத் துண்டுகளாக நறுக்கிக்கொள்ள வேண்டும். துண்டுகள் ஒரே அளவில் இருப்பது முக்கியம். இல்லாவிட்டால் சிறியவை குழையும்போது பெரியவை வேகாமல் நிற்கும். தோல் இளசாக இருந்தால் சீவ வேண்டியதில்லை. துண்டுகள் உடையாமல் நிற்க அது உதவும் என்பதால், உத்தரப் பிரதேசத்தில் பல வீடுகளில் தோலோடுதான் சமைக்கிறார்கள்.

அகலமான வாணலியில் எண்ணெயைச் சூடாக்க வேண்டும். கடுகு எண்ணெய் என்றால் லேசாகப் புகையும் வரை காய்ச்சி, தீயைத் தணித்த பிறகு தாளிப்பைத் தொடங்குவது வழக்கம். முதலில் வெந்தயம், அது சற்றே நிறம் மாறியதும் சீரகம், சோம்பு, காய்ந்த மிளகாய், பெருங்காயம் என்ற வரிசையில் சேர்க்க வேண்டும். வெந்தயம் பொன்னிறத்தைத் தாண்டிக் கருகினால் கறி முழுவதும் கசந்துவிடும்.

நறுக்கிய இஞ்சியையும் பச்சை மிளகாயையும் ஒரு நிமிடம் வதக்கி, மஞ்சள், மிளகாய், மல்லித் தூள்களைச் சேர்த்து உடனே பூசணித் துண்டுகளைப் போட வேண்டும். உப்புத் தூவி, மிதமான தீயில் மூன்று அல்லது நான்கு நிமிடம் புரட்டிய பின், தீயைக் குறைத்து மூடிவைக்க வேண்டும். 10 முதல் 12 நிமிடங்களில் காய் வெந்துவிடும். இடையில் ஓரிரு முறை மட்டும் கிளறினால் போதும். அடிப்பிடிப்பது போலத் தோன்றினால் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளிக்கலாம்.

கத்தி முனை எளிதாக இறங்கும் நிலையில், ஆனால் துண்டு உடையாமல் நிற்கும்போது, வெல்லத்தைச் சேர்க்க வேண்டும். வெல்லம் கரைந்து முதலில் நீர் கூடியது போலத் தெரியும்; அதைக் கண்டு தயங்க வேண்டியதில்லை. மூடியைத் திறந்தே வைத்து, தீயைச் சற்றுக் கூட்டி, மூன்று முதல் ஐந்து நிமிடம் மெதுவாகப் புரட்டினால் சாறு சுண்டிப் பாகாகும். கரண்டியால் வாணலியின் அடியில் ஒரு கோடு இழுக்கும்போது, அந்த இடம் உடனே நீரால் நிரம்பாமல் ஒரு நொடி தெளிவாக நின்றால், அதுவே பதம். ஆறும்போது பாகு மேலும் இறுகும் என்பதால், முற்றிலும் வறண்டுபோகும் வரை காத்திருக்கக் கூடாது.

அடுப்பை அணைத்த பின் மாங்காய்ப் பொடியையும் கொத்தமல்லித் தழையையும் தூவிக் கலக்க வேண்டும். புளிக்கரைசலைப் பயன்படுத்துவோர், அதன் பச்சை வாசனை போக, வெல்லத்துடனேயே சேர்த்துவிட வேண்டும். இரும்பு வாணலியில் சமைத்திருந்தால், புளிப்பு இரும்புடன் வினைபுரிந்து நிறமும் சுவையும் மாறக்கூடும் என்பதால், உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுவது நல்லது.

கசந்தால் சமைக்கக் கூடாது

இனிப்புச் சேர்த்துச் சமைக்கும் பூசணியில் கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒரு பாதுகாப்பு விதி உண்டு. பூசணி, சுரைக்காய், வெள்ளரி ஆகியவை ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றில் சில காய்களில் குக்குர்பிட்டாசின் என்ற கசப்பு நச்சு அரிதாக மிகுந்து காணப்படும். அது வாந்தி, வயிற்றுப்போக்கு போன்ற கடுமையான பாதிப்புகளை உண்டாக்கக்கூடியது. கசப்பான சுரைக்காய்ச் சாறு குடித்து இந்தியாவில் உயிரிழப்புகள் நேர்ந்ததை அடுத்து, இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் நிபுணர் குழு இது குறித்து ஆராய்ந்து, கசக்கும் சாற்றை அருந்தக் கூடாது என எச்சரித்தது.

வேகவைப்பதால் இந்த நச்சு நீங்குவதில்லை. வெல்லமும் புளிப்பும் கசப்பை மறைத்துவிடும் அபாயமும் உள்ளது. ஆகவே, நறுக்கியதும் ஒரு சிறு துணுக்கை நாவில் வைத்துப் பார்ப்பது நல்லது. கசந்தால் துப்பிவிட்டு, முழுக் காயையும் அப்புறப்படுத்த வேண்டும்.

வெல்லமும் சர்க்கரைதான்

வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாக வெல்லம் சேர்த்தால் கவலையில்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. வெல்லத்தில் சிறிதளவு தாதுக்கள் இருப்பது உண்மை. ஆனால் அதன் பெரும்பகுதி சர்க்கரையே. கலோரி அளவிலும் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இரத்தச் சர்க்கரையை வெல்லமும் உயர்த்தும்.

சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலுடன் இணைந்து நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வு, நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு நோய் இருப்பதாக மதிப்பிட்டது. உணவில் சேர்க்கப்படும் சர்க்கரை நாளின் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதை 5 சதவீதத்துக்குக் கீழே குறைப்பது இன்னும் நல்லது என்றும் அது கூறுகிறது. 2,000 கிலோ கலோரி உண்ணும் ஒருவருக்கு இந்த 5 சதவீதம் என்பது சுமார் 25 கிராம்.

மேற்கண்ட செய்முறையில் ஒருவருக்குச் சேரும் வெல்லம் 6 கிராமுக்குச் சற்று அதிகம். அதாவது, அந்த அளவில் ஏறத்தாழ கால் பங்கு. அன்றைய தேநீர், இனிப்பு வகைகள் ஆகியவற்றையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். நன்கு பழுத்த பூசணி கிடைத்தால் வெல்லத்தைப் பாதியாகக் குறைத்தாலும் பூச்சு அமையும். நீரிழிவு உள்ளவர்கள் வெல்லத்தை அறவே தவிர்த்து, சோம்பு, மாங்காய்ப் பொடி ஆகியவற்றோடு மட்டும் சமைக்கலாம். உணவின் அளவு குறித்து மருத்துவரின் ஆலோசனையைப் பின்பற்ற வேண்டும்.

பூசணியின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பீட்டா கரோட்டினை உடல் வைட்டமின் 'ஏ'யாக மாற்றிக்கொள்கிறது. அது உடலில் சேரக் கொழுப்பு தேவை என்பதால், ஒரு கரண்டி எண்ணெயோ நெய்யோ சுவையைக் கூட்டுவதோடு சத்தையும் சேர்க்கிறது.

விரத நாள்களிலும் பிற காய்களிலும்

நவராத்திரி விரதத்தின்போது வட இந்தியாவில் இதே கறி, சாதாரண உப்புக்குப் பதிலாக இந்துப்பு சேர்த்துச் சமைக்கப்படுகிறது. தாளிப்பு சீரகம், இஞ்சி, பச்சை மிளகாய் அளவில் சுருங்கிவிடும். கோதுமையைத் தவிர்ப்பவர்கள் 'குட்டு' எனப்படும் பாப்பரை மாவில் செய்த பூரியுடன் உண்கின்றனர். எந்தெந்தப் பொருள்களைத் தவிர்ப்பது என்பது வீட்டுக்கு வீடு மாறும்.

முதலில் காய், பிறகு இனிப்பு, கடைசியில் புளிப்பு என்ற இந்த வரிசை கேரட், பீட்ரூட், சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஆகியவற்றுக்கும் பொருந்தும். அவை பூசணி அளவுக்கு எளிதில் நீர் விடாதவை என்பதால், தொடக்கத்தில் கால் கப் தண்ணீர் சேர்த்து மூடி வேகவைக்க வேண்டும். குளிர்காலத்தில் வட இந்தியச் சந்தைகளுக்கு வரும் சிவப்புக் கேரட் இயல்பிலேயே இனிப்பானது. அதற்கு ஒரு தேக்கரண்டி வெல்லமே போதும்.

மீந்த கறியை ஆறியதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் பயன்படுத்தலாம். இறுகிப்போன பாகு, ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து மிதமான தீயில் சூடாக்கும்போது மீண்டும் இளகிவரும். பூரி, சப்பாத்தி மட்டுமன்றி, சாம்பார் சாதம், தயிர் சாதம் ஆகியவற்றுக்கும் இது ஏற்ற தொடுகறியாக அமையும்.