சுண்ணாம்புக் குன்றுகளின் நடுவே

இங்கிலாந்து தேசத்தின் டெர்பிஷயர் பிரதேசத்திலே, ஒயிட் பீக் என வழங்கும் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலத்தின் ஊடாக, 1831ஆம் ஆண்டில் பூர்த்தியாகி, 1967இல் போக்குவரத்து அடியோடு நின்றுபோன பழைய ரயில் பாதையொன்று, தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டு, இன்று அகன்ற டயர் பூட்டிய சைக்கிளில் செல்வோர் விரும்பித் தேடிவரும் ‘ஹை பீக் டிரெயில்’ என்னும் சரளைப் பாதையாக, சுமார் 28 கிலோமீட்டர் தூரம் நீண்டு கிடக்கிறது. பெரும்பாலும் சமதளமாகச் செல்லும் இப்பாதை, மிடில்டன் என்னுமிடத்தில், ஏறத்தாழ எட்டடிக்கு ஓரடி வீதம் திடீரென உயர்கிறது. அன்று வண்டிகளை அச்சரிவில் இழுத்தேற்றிய, 1829ஆம் வருஷத்து நீராவி யந்திரம், உச்சியில் இன்றும் ஜாக்கிரதையாகப் பேணப்பட்டு வருவது மிகவும் போற்றத்தக்கது. சாந்து பூசாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய வயல்சுவர்களை அருகில் சென்று உற்று நோக்கினால், முப்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு ஆழமற்ற வெப்பக் கடலிலே வாழ்ந்த ஜீவராசிகளின் தண்டுகள், சின்னஞ்சிறு வளையங்களாகக் கல்லில் பதிந்திருப்பதைக் காணலாம். மழையில் நனைந்த சுண்ணாம்புக்கல் வெகுவாக வழுக்குமாதலால் இறக்கங்களில் நிதானம் அவசியம். மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே பூமிக்குள் இறங்கிவிட, பள்ளத்தாக்குகள் பல வறண்டே கிடப்பதால், குடிநீரையும் கையோடு கொண்டு செல்ல வேண்டும்.